இனிஷியலை மறந்து அணுக்கருவைத் தேடுங்கள்: என்.எஸ்.ஆர். தளம் பற்றி

என் பிஎச்.டி. கைடு ஓய்வு பெற்று ஏற்காட்டில் இருக்கிறார். சேலத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைக்க நாங்கள், பழைய மாணவர்கள், முடிவு செய்தபோது கட்டுரைப் பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது. அந்த இரண்டு வாரமும் எனக்குக் கைகொடுத்தது அணுக்கரு இயற்பியல் கட்டுரைகளைத் தேடித் தரும் இணையத் தளமான நியூக்ளியர் சயின்ஸ் ரெஃபரன்சஸ், சுருக்கமாக என்.எஸ்.ஆர்.

தொடங்கியது வேறொரு இலவச ப்ரொஃபைல் தளத்தில். சாருக்கு இரண்டு இனிஷியல்: ஊருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. சில இதழ்களில் இரண்டும் வந்திருக்கும், சிலவற்றில் ஒன்றுதான். ஓர் இதழ் அப்பா பெயரை முழுசாக விரித்து அதையே குடும்பப் பெயராக்கிவிட்டது. அந்தத் தளம் ஒரே மனிதரை மூன்று பேராக வைத்திருந்தது. போதாததற்கு அதே பெயருள்ள நெல் ஆராய்ச்சியாளர் ஒருவரின் நான்கு கட்டுரைகளும் சார் கணக்கில் இருந்தன. எச்-இண்டெக்ஸ் 14 என்று காட்டியது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த அளவுகோல் இது. 14 என்றால் குறைந்தது 14 சைட்டேஷன் (பிறர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது) பெற்ற கட்டுரைகள் 14 இருக்கின்றன என்று பொருள். நெல்லை நீக்கி, சிதறியதைச் சேர்த்ததும் 12 ஆனது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன். சார் அந்த 12ஐப் பார்த்தார். "சரிம்மா, அந்த ஆயுள் அளவீட்டை யாராவது எடுத்துக்கிட்டாங்களா, அதைப் பாரு" என்றார். ஆற்றல் கூடிய நிலையில் (கிளர்வு நிலை) அணுக்கரு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அவர் முன்பு அளந்ததைத்தான் சொன்னார்.

அதற்குத்தான் என்.எஸ்.ஆர். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உள்ள தேசிய அணுக்கருத் தரவு மையம் நடத்துகிறது. கட்டணம் இல்லை, லாகின் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலான அணுக்கரு இயற்பியல் கட்டுரைகள், இரண்டு லட்சத்துக்கு மேல், இதில் இருக்கின்றன. பெயரில் தேடினால் இங்கும் இனிஷியலோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் அணுக்கருவை வைத்துத் தேடலாம், அணுக்கரு வினையை வைத்தும் தேடலாம். சார் டெல்லி பெல்லட்ரான் முடுக்கியில் எந்த அணுக்கருவை ஆராய்ந்தார் என்பது எனக்கு மனப்பாடம். அதைக் கொடுத்தேன், இனிஷியல் தகராறே இல்லாமல் கட்டுரை வந்து நின்றது. எதை அளந்தார்கள், அதிலிருந்து எதைக் கண்டறிந்தார்கள் என்று கீழே சுருக்கமாக இருந்தது. கட்டுரையைத் திறக்காமலே வேலையின் சாரம் தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு: ஆண்டு, முதல் ஆசிரியர் பெயரின் இரண்டு எழுத்து, கடைசியில் இன்னும் இரண்டு இலக்கம் அல்லது எழுத்து. ரேடியம்-223 கார்பன்-14ஐ உமிழ்வதை ரோஸும் ஜோன்ஸும் கண்ட கட்டுரைக்கு 1984ஆர்ஓ30. அணுக்கரு அமைப்புத் தரவுகளை மதிப்பிட்டுத் தொகுப்பவர்கள் இந்த எண்ணைச் சொல்லித்தான் ஒரு மதிப்பை ஏற்கிறார்கள். சாரின் அந்தக் கட்டுரைக்கு மொத்தம் ஒன்பது சைட்டேஷன்தான். ஆனால் அந்தக் கிளர்வு நிலைக்கு நேரே தொகுப்பில் நின்றது அவர்கள் அளந்த பிக்கோ விநாடி (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மதிப்பு, பக்கத்தில் அவர்கள் கட்டுரையின் எண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி அந்த அணுக்கருவுக்குக் கணக்குப் போடுகிறவர் சார் பெயரைக் குறிப்பிடாமல் போகலாம், அவர் அளந்த எண்ணை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சைட்டேஷன் எண்ணிக்கை இதில் கிடைக்காது, அது இதன் வேலையும் இல்லை. அணுக்கருக் கட்டமைப்பும் வினைகளும் சிதைவும்தான் இதன் களம். சார் மாணவர்களோடு சேர்ந்து ஏற்காட்டு மண்ணின் கதிரியக்கத்தை அளந்த கட்டுரைகளை இதழ்களிலிருந்து நானே தனியாகச் சேர்த்தேன்.

சேலத்தில் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்வேன். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஆர்க்கிட் எண் (ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண்) வாங்குங்கள்; 16 இலக்கம், இலவசம். பெயரை எப்படி எழுதுவது என்று அன்றே முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். அப்புறம், படிவத்தில் கேட்டால் எச்-இண்டெக்ஸ் போடுங்கள், ஆனால் கைடின் வேலையைத் தெரிந்துகொள்ள என்.எஸ்.ஆரைத் திறங்கள்.

விழா மலரில் 29 கட்டுரைகளையும் போட்டோம். ஒன்பது சைட்டேஷன் கட்டுரைதான் பட்டியலில் முதலாவது, குறியீட்டெண்ணோடு.