பட்டறைக்கு கமடோர், மேசைக்கு அட்டாரி

போலந்தின் க்தான்ஸ்க் நகரில் ஒரு கார் பட்டறை. அங்கே டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) பேலன்ஸ் பார்க்கும் வேலையை ஒரு கமடோர் 64 இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் செய்து வந்தது 2016-ல் செய்தியானது. அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு பேக்கரியின் கல்லாவிலும் அதே கமடோர்தான். நெதர்லாந்திலோ, கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு கேம்பிங் இடத்தின் முதலாளி, தானே எழுதிய புரோகிராமை அட்டாரி எஸ்டியில் ஓட்டி, யாருக்கு எந்த இடம் என்று பதிவு பார்த்து வந்தார்.

இரண்டுமே எண்பதுகளில் வீட்டுக்காக வந்த கம்ப்யூட்டர்கள். கடை வேலைக்கு எது தேவலாம்?

வேகத்தைப் பார்த்தால் போட்டியே இல்லை. 1982-ல் வந்த கமடோரில் 64 கேபி நினைவகம், ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிப். அட்டாரி 1040 எஸ்டியில் ஒரு எம்பி நினைவகம், 8 மெகாஹெர்ட்ஸ் வேகம். ஆனால் ஷாஃப்டின் ஆட்டத்தைக் கணக்குப் போடவும், ரொட்டிக்கு விலை கூட்டவும் ஒரு மெகாஹெர்ட்ஸே தாராளம். கமடோரின் பின்பக்கம் யூசர் போர்ட் என்று ஒரு இணைப்பு உண்டு. கொஞ்சம் மின்னணு தெரிந்தவர் சொந்தமாகச் செய்த சர்க்யூட்டை அதில் மாட்டி, அதிலேயே இருக்கும் பேசிக் என்ற எளிய புரோகிராம் மொழியிலிருந்தே இயக்கலாம். புரோகிராமை, பின்னால் செருகும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜில் போட்டுவிட்டால் ஃப்ளாப்பியே வேண்டாம். ஸ்விட்சைப் போட்டதும் வேலை தொடங்கும். கிரீஸும் தூசியும் பறக்கும் இடத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லாத கம்ப்யூட்டர் என்பது பெரிய விஷயம்.

அதே கமடோரில் வாடிக்கையாளர் பட்டியல் வைக்க நினைத்தால் பொறுமை போய்விடும். திரையில் வரிக்கு 40 எழுத்துதான். அதன் 1541 ஃப்ளாப்பி டிரைவ் வினாடிக்கு சுமார் 400 பைட் படிக்கும். 30 கேபி ஏற ஒரு நிமிடத்துக்கும் மேல். டீ சொல்லிவிட்டு வரலாம். அட்டாரியின் கறுப்பு வெள்ளை மானிட்டரிலோ 640க்கு 400 புள்ளிகள், வரிக்கு 80 எழுத்து, நாள் முழுக்கப் பார்த்தாலும் கண் வலிக்காத தெளிவு. பிரிண்டரை மாட்ட சாதாரண பாரலல் போர்ட்டும் இருக்கிறது. கமடோரில் அதற்குத் தனி இணைப்புப் பெட்டி தேட வேண்டும்.

நான் அட்டாரிக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவது வேறொரு காரணத்துக்காக. பீசியில் 720 கேபிக்கு ஃபார்மேட் செய்த ஃப்ளாப்பியை அது அப்படியே படிக்கும், எழுதும். நாளைக்கே கம்ப்யூட்டர் கண்ணை மூடினாலும் கணக்கு வழக்கு வெளியே வந்துவிடும். கமடோர் ஃப்ளாப்பியில் தகவல் பதியும் முறையே வேறு. பீசியின் சாதாரண டிரைவுக்கு அது புரியாது. முப்பது வருட வாடிக்கையாளர் விவரத்தை அப்படி ஒரு பூட்டுக்குள் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

சரி, ரிப்பேர்? கமடோரின் எமன் அதன் அடாப்டர்தான். பழசானால் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அதைத் தாண்டிக் கொடுத்து, உள்ளே நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். பல அடாப்டர்களைப் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து பார்க்கவும் முடியாது. கமடோரை நம்பிக் கடை நடத்துபவர் முதல் வேலையாக புது அடாப்டர் வாங்கிவிட வேண்டும். அட்டாரியின் 1040 எஸ்டிஎஃப் மாடலில் பவர் சப்ளையும் ஃப்ளாப்பி டிரைவும் உள்ளேயே இருப்பதால் வயர் தொல்லை குறைவு. டிரைவ் செத்தால் பழைய எம்பிராய்டரி மெஷின்களுக்குப் போடும் அதே யூஎஸ்பி ஃப்ளாப்பி எமுலேட்டர் (ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக யூஎஸ்பி பென் டிரைவை ஏற்கும் கருவி) இதற்கும் பொருந்தும். ஒரு குறை: பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. பதிவுப் புத்தகமாக வைத்திருப்பவர் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதியைத் தட்டியாக வேண்டும். அதிலும் ஒரு நல்லது உண்டு. கமடோர் நிறுவனத்தின் இன்னொரு கம்ப்யூட்டரான அமீகா 2000-இல் போர்டிலேயே பற்றவைத்த பேட்டரி ஒழுகி, சுற்றியுள்ள தடங்களை அரித்துவிடும். அந்தப் பயம் இந்த இரண்டிலும் இல்லை.

உதிரிப் பாகத்தில் கமடோர் மறுபடி முந்துகிறது. கோடிக்கு மேல் விற்ற கம்ப்யூட்டர். ஆர்வலர்கள் புது போர்டுகள்கூடச் செய்கிறார்கள். பட்டறைக்காரர் இன்னொரு கமடோரை வாங்கிப் பரணில் போட்டுவைக்கலாம். அட்டாரிக்காரர் வாரம் ஒருமுறை ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து வைத்தால் போதும்.