டெர்மினல் வழியே பேட்டரியைக் கவனித்தல்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் என் மடிக்கணினியின் பேட்டரி நிலையைச் சில ஆண்டுகளாக, கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினலில்தான் பார்த்துவருகிறேன். திரையின் மூலையிலுள்ள சின்னம் இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று மட்டுமே காட்டும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது.

பேட்டரி நிலையைக் காட்டும் ஏசிபிஐ என்ற கட்டளை சுருக்கமானது, ஆனால் தனியே நிறுவ வேண்டும். நான் பெரிதும் நம்புவது யூபவர் என்ற கட்டளையைத்தான். அது தரும் நீண்ட பட்டியலில் இரண்டு வரிகளே எனக்கு முக்கியம்: பேட்டரி வடிவமைக்கப்பட்டபோது குறிக்கப்பட்ட கொள்ளளவும், இன்று முழுமையாக ஏற்றினால் அது கொள்ளும் அளவும். 50 வாட் மணி ஆற்றல் கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்ட பேட்டரி இன்று 40 வாட் மணியே கொள்ளுமானால், சின்னம் 100 விழுக்காடு காட்டும்போதும் புதிதாக இருந்த காலத்தின் 80 விழுக்காட்டு ஆற்றல்தான் நம்மிடம் இருக்கிறது.

எந்தக் கருவியும் இல்லாமலேயே, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் சிஸ் அடைவின் பவர் சப்ளை பிரிவில் வைத்திருக்கும் கோப்புகளை, கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையால் படிக்கலாம். அங்கே ஆற்றல் மைக்ரோவாட் மணியில் இருப்பதால், 50 வாட் மணி என்பது 5 கோடி என்று தோன்றும். சில கணினிகள் ஆற்றலுக்குப் பதிலாக மின்னூட்டத்தை மைக்ரோ ஆம்பியர் மணியில் தருகின்றன. இந்த எண்களைத் தானாகப் படிக்கச் சிறு நிரல் (ஸ்கிரிப்ட்) எழுதுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இங்குள்ள கெப்பாசிட்டி கோப்பு தற்போதைய சார்ஜைக் குறிக்க, யூபவரில் அதே பெயருள்ள வரி பேட்டரியின் ஆரோக்கியத்தைக் குறிக்கிறது என்பது தேவையற்ற குழப்பம். சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையோ, வன்பொருளில் பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேர் அதைத் தெரிவிக்காத கணினிகளில் எப்போதும் பூஜ்யமாகவே நிற்கும்.

முழுக் கொள்ளளவை நாள்தோறும் ஒரு கோப்பில் பதியுமாறு, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரானில் ஒரு வரி சேர்த்துவைத்திருக்கிறேன். அந்த எண் சீராகக் குறைவதில்லை. வாரக்கணக்கில் அசையாமலிருந்து திடீரென்று இறங்குகிறது, எப்போதாவது சற்றே ஏறவும் செய்கிறது. அது பேட்டரிக்குள்ளிருக்கும் மின்னணுச் சில்லின் கணிப்பே தவிர நேரடி அளவீடு அன்று என்பதால், ஒரு நாள் எண்ணைக் கண்டு கலங்காமல் பல மாதப் போக்கைப் பார்ப்பதே சரி. மீதமுள்ள நேரமோ இதைவிட நிலையற்றது: இருக்கும் ஆற்றலை அந்த நேரத்து மின்நுகர்வால் வகுத்துச் சொல்வதால், காணொளி அழைப்பு ஒன்று தொடங்கியதுமே மாறிவிடும்.

பெரும்பாலும் மின்இணைப்பிலேயே வேலை செய்பவர்கள், கணினி இடமளித்தால், அதே அடைவிலுள்ள சார்ஜ் வரம்புக் கோப்பில் 80 என்று எழுதி, தேய்மானம் குறைய, சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தலாம். இதற்கு ரூட் எனப்படும் நிர்வாகி அனுமதி வேண்டும். மறுதொடக்கத்தில் சில கணினிகள் இந்த வரம்பை மறந்துவிடுகின்றன என்பதால், அதை மின்சேமிப்புக் கருவியான டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் எழுதிவைப்பது நல்லது.