டேப்பை அடைத்த பிறகும் சொட்டிய பெட்ரோல்

1996இல் பதிவான 125 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். வீடு பினாங்கு ஆயர் ஈத்தாமில், வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில். தினமும் இரண்டு முறை பாலம் ஏற வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை. மிச்சமான காசையெல்லாம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்ரேட்டர் தின்றுவிட்டது என்பாள் என் மனைவி.

ஒழுகல் தொடங்கி மூன்று வருடம் இருக்கும். காலையில் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணித் தட்டோடு வாசலுக்கு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "டேய், எண்ணெய் வாடை அடிக்குது. மோட்டார முதல்ல வெளியில தள்ளு." நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பட்டறையில், "அடிக்குழாயில சொட்டினா ஊசிதான் அண்ணே" என்றார்கள். தவறில்லை, பெரும்பாலும் அதுதான். கார்ப்ரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை மேலெழும்பி, ஊசியைத் தள்ளி, வரும் வழியை அடைக்கும். ஊசி முனை ரப்பரில் வளையமாகத் தேய்மானம் விழுந்தாலும், டேங்கித் துரு இடுக்கில் மாட்டினாலும் வழி முழுசாக அடைபடாது. மட்டம் ஏறி, கிண்ணத்துக்குள் நிற்கும் பித்தளைக் குழாயின் வாயைத் தாண்டி, அடிக்குழாய் வழியாக வெளியே வழியும்.

ஊசி மாற்றியதும் சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. இரண்டாவது முறை ஊசியோடு, அதைத் தள்ளும் மிதவையின் நாக்கையும் வளைத்து மட்டத்தை இறக்கினார்கள். அப்புறம் பாலத்தின் ஏற்றத்தில் முழு த்ராட்டல் கொடுத்தால் வண்டி இருமியது. கிண்ணத்தில் பெட்ரோல் போதவில்லை. மூன்றாவது முறை, "குழாயையே அடைச்சிடலாம்" என்றார் ஒருவர். இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வெளியே போக வழியில்லாத பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கும், எஞ்சின் ஆயிலோடு கலக்கும்.

சரி, நாமே பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கார்ப்ரேட்டரைத் துடைத்துக் காயவைத்து, மகளின் முகப் பவுடரைத் தூவினேன். கிண்ணம் சேரும் விளிம்பில் ஈரம் இல்லை, கேஸ்கட் நல்லதுதான். வடிகால் திருகிலும் இல்லை. அடிக்குழாயில் மட்டும் சொட்டு.

டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் டேப்பை அடைத்தேன். ஊசிதான் குற்றவாளி என்றால், மட்டம் குழாய் வாய்க்குக் கீழே இறங்கியதும் சொட்டு நின்றிருக்க வேண்டும். ஆனால் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் குழாயின் வாய் வழியாகப் போகவில்லை, வேறு எங்கோ புகுந்து போகிறது. காலையில் பத்து உதை உதைத்தால்தான் வண்டி கிளம்பும் என்பதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. ராத்திரியில் நான் டேப்பை அடைத்த பிறகு கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்திருக்கிறது.

கிண்ணத்தைக் கழற்றி, பழைய நாளிதழ்மேல் தூக்கிப் பிடித்து, குழாயின் பாதி உயரம் வரை பெட்ரோல் ஊற்றினேன். ஊசியும் இல்லை, மிதவையும் இல்லை, காகிதத்தில் ஈரம் பரவியது. பித்தளைக் குழாய் கிண்ணத்தோடு சேரும் அடியில் தலைமுடி அளவு விரிசல். டார்ச் அடித்தும் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். எனக்குக் கை வராத வேலை. ஜெலுத்தோங் பக்கம் பழைய சாமான் கடையில் அதே மாதிரி கார்ப்ரேட்டர் ஒன்றை 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி, கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதையும் முதலில் காகிதத்தின்மேல் பிடித்துச் சோதித்தேன். மிதவை மட்டத்தைத் திரும்பச் சரிசெய்ய, வடிகாலில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டிப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே நிற்கும் மட்டம் அதில் அப்படியே தெரியும்.

இரண்டு வருடமாகத் தரை காய்ந்தே இருக்கிறது. வண்டி மறுபடி வாசலுக்குள் வந்துவிட்டது. ராத்திரி டேப்பை அடைக்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. முன்பெல்லாம் திறக்க மறந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இப்போது கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலிலேயே ஆயர் ஈத்தாம் சந்தை வரை போய், கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறது.