‘டார்க்’: காலண்டர் தாளில் அடங்காத குடும்பம்

முதலில் ஓர் எச்சரிக்கை. முதல் இரண்டு சீசன்களின் முக்கியமான முடிச்சுகள் சில இங்கே அவிழும். மூன்றாம் சீசனின் முடிச்சுகளை மட்டும் அவிழ்க்க மாட்டேன், ஒரு போலீஸ்காரரின் கண்ணைத் தவிர.

நெட்ஃப்ளிக்ஸில் உள்ள ‘டார்க்’ மொத்தம் 26 பகுதிகள்தான். விடுமுறையில் உட்கார்ந்தால் நான்கு நாளில் முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் ஏழு வாரம் ஆனது. ஓடவிட்டுப் பார்த்த நேரத்தைவிட நிறுத்திவைத்து வாதாடிய நேரம் அதிகம்.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். ஒற்று விட்டுப்போனால் கண்ணில் உறுத்தும். கதையில் தேதி பிசகினாலும் அப்படியே. எங்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போகும் அண்ணன் மகன் அதைத் தெரிந்துகொண்டுதான் வலை விரித்தான். “அத்தை, இதில் ஒரு தேதிப் பிழை கண்டுபிடித்துவிட்டால் நூறு ரூபாய் தருகிறேன்.” இதுவரை அந்த நூறு ரூபாய் என் கைக்கு வரவில்லை.

கதை விண்டன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரில் நடக்கிறது. அணுமின் நிலையம், காடு, குகை, ஓயாத மழை. 2019 நவம்பரில் மிக்கல் என்ற சிறுவன் காணாமல் போகிறான். 1986இல் இதே ஊரில் அவனுடைய சித்தப்பா மாட்ஸ் சிறுவனாக இருந்தபோது காணாமல் போயிருக்கிறார். குகைக்குள் உள்ள வழி 33 ஆண்டு இடைவெளியில் 1953, 1986, 2019 ஆகிய காலங்களை இணைக்கிறது. சூரியனும் சந்திரனும் மறுபடி ஒத்துப்போக 33 ஆண்டுகள் ஆகும் என்று தொடரே காரணம் சொல்கிறது. இது எனக்குப் புதிதல்ல. காலண்டர் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். ரம்ஜான் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கு வர ஏறக்குறைய அவ்வளவு ஆண்டுகள்தான் ஆகின்றன.

பாரன் போ ஒடார், யான்ட்யே ஃப்ரீஸ ஆகிய இருவரும் உருவாக்கிய தொடர் இது. நெட்ஃப்ளிக்ஸின் முதல் ஜெர்மன் மொழித் தொடர். முதல் பகுதி தொடங்கியதுமே ஒரு சுவர் வருகிறது. சுவர் முழுக்கப் புகைப்படங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நூல்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் தங்கள் வீட்டில் செய்யப்போவதை அவர்கள் முன்கூட்டியே செய்து காட்டிவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது புரியவில்லை. மூன்றாம் பகுதியில் நானே எழுந்துபோய்ப் பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துவந்து பின்பக்கத்தில் வம்சாவளி வரைய ஆரம்பித்தேன்.

நான்கு குடும்பங்கள்: கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமான். தாளின் நான்கு மூலைகளில் நான்கையும் எழுதினேன். பெற்றோர் மேலே, பிள்ளைகள் கீழே, அம்புக்குறிகள் மேலிருந்து கீழாக. முதல் சீசனின் பாதியில் முதல் அடி விழுந்தது. காணாமல் போன மிக்கல் 1986இல் மாட்டிக்கொண்டு அங்கேயே வளர்ந்து, மைக்கேல் என்ற பெயரில் நாயகன் யோனாஸுக்கு அப்பாவாகிறான். யோனாஸ் காதலிக்கும் மார்த்தாவோ மிக்கலின் அக்கா.

அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியானால் அந்தப் பெண் அவனுக்கு என்ன முறை?”

“அப்பாவின் அக்கா, பாட்டி. அத்தை முறை.”

“அத்தை மகள் என்றால் சரி. அத்தையையே எப்படியடா கட்டுவான்?”

அண்ணன் மகன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. முறை என்பது நமக்கு எவ்வளவு ஆழமாக ஊறியது என்று அப்போது தெரிந்தது. எந்த விளக்கமும் இல்லாமலே அம்மா அந்தக் காதலின் கொடுமையை எங்களுக்கு முன்பே பிடித்துவிட்டார்.

இரண்டாம் சீசனின் கடைசியில் தாள் கிழிந்தே போனது. டாப்ளர் வீட்டு ஷார்லட்டின் இளைய மகள் எலிசபெத். அந்த எலிசபெத்தே ஷார்லட்டின் தாய். சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழே ஓர் அம்பு, கீழிருந்து மேலே இன்னோர் அம்பு. நம்பாமல் அதே கோட்டின்மேல் மறுபடி மறுபடி இழுத்ததில் தாள் பொத்துக்கொண்டது. மைதாப் பசை தடவிப் பின்னால் இன்னொரு தாள் ஒட்டினோம். அது எந்த மாதத் தாள் என்று பார்த்தால் ஜூன். இரண்டாம் சீசன் வெளியானது 2019 ஜூன் 21. கதையில் மைக்கேல் தூக்கிட்டுக்கொள்ளும் நாளும் அதுவே. மூன்றாவது வெளியானது 2020 ஜூன் 27. கதையில் ஊர் அழியும் நாள். வெளியீட்டுத் தேதியையே கதைக்குள் இழுத்துக்கொண்டவர்களிடம் தேதிப் பிழைக்குப் பந்தயம் கட்டிய என்னை என்னவென்று சொல்வது?

குறியீடுகளுக்கு வருவோம். குகைக்குள் உள்ள இரும்புக் கதவில் மூன்று வளைவுகள் பின்னிய முடிச்சு ஒன்று இருக்கிறது. மூன்று முனைகள் மூன்று காலங்கள் என்று நான் சாதித்தேன். முதல் சீசனின் முடிவில் யோனாஸ் 2052இல் போய் விழுந்ததும் என் கணக்கு கவிழ்ந்தது. சிவப்புக் கயிற்றில் மட்டும் நான் தோற்கவில்லை. குகையில் வழிகாட்ட ஒரு சிவப்புக் கயிறு. பள்ளி நாடகத்தில் மார்த்தா நடிப்பது, சிக்கல்வழியிலிருந்து வெளியேற நூல் கொடுத்த கிரேக்கத் தொன்மத்து அரியாத்னே வேடம். ஜெர்மன் மொழியில் ‘சிவப்பு நூல்’ என்றால் ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை கோத்துச் செல்லும் சரடு என்றே பொருள். நாம் சரடு என்று சொல்வதைப் போலத்தான். அவர்களுடையதற்கு நிறமும் உண்டு.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை தொடக்கப் படங்களைப் பற்றி. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் காட்சிகள் நடுவில் மடித்ததுபோல இடமும் வலமும் ஒன்றாகத் தெரியும். “வெறும் அழகுக்கு” என்றேன். “இல்லை அத்தை, கண்ணாடியில் தெரியும் அந்தப் பக்கமும் ஓர் இடம்” என்றான் அவன். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுச் செய்யுளை நான் மெய்ப்புப் பார்த்ததுண்டு. அதில் அழகுதான் பொருள். அந்த நினைப்பில் ஏமாந்தேன். இரண்டாம் சீசனின் கடைசிக் காட்சியில் வேறு முடியலங்காரத்தோடு வரும் மார்த்தா, கேட்க வேண்டியது எந்தக் காலம் என்பதல்ல, எந்த உலகம் என்பதே என்கிறாள். விடையை 2017இலேயே கண்முன் ஓடவிட்டிருக்கிறார்கள். ஆனால் அவனும் முழுக்க ஜெயிக்கவில்லை. பாதிரியார் நோவாதான் யோனாஸின் நண்பன் பார்ட்டோஷ் வளர்ந்த உருவம் என்று பல ரசிகர்களைப் போல அவனும் நம்பினான். உறவு இருப்பது உண்மை; என்ன உறவு என்பதில்தான் கோட்டை விட்டான்.

தொடருக்கென்று நெட்ஃப்ளிக்ஸ் இணையத்தில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் பகுதிவரை பார்த்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறது. அதைச் சொன்னால், அதுவரை தெரிந்திருக்கக்கூடிய ஆட்களையும் உறவுகளையும் மட்டும் காட்டுகிறது. அடுத்த பகுதியின் ரகசியம் கசிவதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் திறந்துவைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். காலண்டர் தாள் தரும் சுகம் அதில் கிடையாது. யார் யார் என்று நிஜமாகவே தொலைந்துபோனால் மட்டும் திறக்கலாம்.

இன்னொன்று. ஒலியை ஜெர்மனுக்கு மாற்றி, ஆங்கில வசன வரிகளோடு பாருங்கள். முணுமுணுப்பாகவே பேசும் ஊர் அது. ஆங்கிலக் குரலில் அந்த முணுமுணுப்பு போய்விடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் சீசன் தொடங்கியதும் ஊகிக்கும் ஆட்டம் சுவை குன்றிவிடுகிறது. முதல் இரண்டு சீசன்களிலும் துப்பு நம் கையில் இருந்தது. யோசித்தால் எட்டும் தூரத்தில் விடை இருந்தது. மூன்றாவதில் புது உலகம், புது விதி. அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும். எல்லோரும் தத்துவம் பேசுகிறார்கள், அதுவும் ஒரே குரலில். முதல் சீசனுக்கு ஐந்துக்கு ஐந்து, இரண்டாவதற்கு நாலரை, மூன்றாவதற்கு மூன்று தருவேன். முடிவுக் காட்சிக்காக அரை மதிப்பெண் கூட்டச் சொல்லி அண்ணன் மகன் மன்றாடினான். கூட்டவில்லை.

அந்த முடிவுக் காட்சியில் ஒரு விருந்து மேசை. வோலர் என்ற போலீஸ்காரர் முதல் சீசனிலிருந்தே ஒரு கண்ணில் கட்டோடு திரிகிறார். ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. மற்ற உலகத்தில் அவருக்குக் கண் நன்றாக இருக்கிறது, கை ஒன்று இல்லை. கடைசியில் விருந்தின்போது, கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்ற கதையை அவர் சொல்லத் தொடங்குகிறார். விளக்கு அணைகிறது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாங்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி கேட்டார்: “எல்லாம் சரி, அந்தப் போலீஸ்காரன் கண்ணுக்கு என்னதான் ஆயிற்று?”

அண்ணன் மகன் புதுத் தாள் தேடி எழுந்தான். அவனிடம் மூன்று ஊகங்கள் இருக்கின்றனவாம்.