கன்டம் வரிசையில் முதலிடம்: என் ஓட்டு ஆறே எபிசோடு கொண்ட தொடருக்கு

மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோக்களின் போரைச் சொல்லும் ஜப்பானிய அனிமேஷனான கன்டம் தொடர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் ரசிகர்கள் முதலில் பேசுவது இயந்திரங்களைப் பற்றித்தான். எந்த ரோபோ அழகு, எந்தச் சண்டை பிரமாண்டம், எதில் அனிமேஷன் பிசிறில்லாமல் இருக்கிறது என்றுதான் பேச்சு போகும். அந்தக் கணக்கில் 2010க்குப் பிறகு வந்தவை மேலே நிற்கும். 1979இல் நகோயா டிவியில் தொடங்கிய முதல் தொடர் அடியில் கிடக்கும். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. எதிரே வரும் இயந்திரத்துக்குள்ளும் ஒரு தாய் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் என்று காட்டியதால்தான் கன்டம் அதுவரை வந்த ரோபோ கார்ட்டூன்களிலிருந்து விலகித் தனியாக நின்றது. ஆகவே ஒவ்வொரு தொடரிடமும் நான் கேட்பது இரண்டே கேள்விகள். எதிரியை எவ்வளவு தூரம் மனிதனாகப் பார்க்கிறது? அவனைக் கொன்றதற்கு விலை கொடுப்பது யார்?

முடிவுகளைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் தொடரா, ஸீட்டாவா?

இது நாற்பது ஆண்டுப் பழைய சண்டை. யோஷியுகி டோமினோ இயக்கிய முதல் தொடர் 52 எபிசோடு ஓடவேண்டியது. பார்ப்பவர்கள் குறைவு, பொம்மையும் விற்கவில்லை என்பதால் 43இல் நிறுத்தப்பட்டது. பணம் போட்டது க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. அதன் நெருக்கடி திரையிலேயே தெரியும். கதைக்குத் தேவையே இல்லாத ஜி-ஆர்மர் என்ற துணை விமானம் பாதியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. பாத்திரங்களை வரைந்த யோஷிகாசு யாசுஹிகோ நடுவில் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் சேர, கடைசிப் பகுதியில் முகங்கள் கோணிப்போகின்றன. இந்தக் குறைகளை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எட்டாவது எபிசோடைப் பாருங்கள். கையில் குழந்தையோடு ஊர் திரும்பும் ஓர் அகதிப் பெண்ணை வேவு விமானத்தில் சுற்றும் இரண்டு ஸியோன் வீரர்கள் பார்க்கிறார்கள். ஸியோன் என்பது நாயகர்களின் பூமிக் கூட்டமைப்போடு போரிடும் விண்வெளி நாடு, அதாவது எதிரிப் படை. ஆனாலும் அவளுக்காக மேலிருந்து பொருட்களைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பதின்மூன்றாவது எபிசோடில், பிரிந்திருந்த தாயைப் பார்க்க வந்த, கன்டத்தை ஓட்டும் பதினைந்து வயது நாயகன் அமுரோ, அவள் கண் முன்னாலேயே ஒரு ஸியோன் சிப்பாயைச் சுடுகிறான். மகன் தப்பினான் என்ற நிம்மதியைவிட, மகன் இப்படி ஆகிவிட்டானே என்ற திகில்தான் அவள் முகத்தில் இருக்கிறது. பிறகு தந்தை. ஆக்சிஜன் இல்லாமல் மூளை பாதிக்கப்பட்ட அந்த விஞ்ஞானி, கன்டத்தில் பொருத்திக்கொள் என்று பெருமையோடு மகனிடம் ஒரு கருவியைக் கொடுக்கிறார். அது என்றோ காலாவதியானது. அமுரோ அதைத் தெருவில் எறிகிறான். சிறுவர் நிகழ்ச்சி என்று ஒளிபரப்பான ஒன்று இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஸியோன் தளபதி ராம்பா ரால் வரும் பகுதியும் அப்படித்தான். பாலைவன உணவகத்தில் அமுரோவின் தைரியத்தைப் பார்த்து ரசித்த அந்த மனிதர், பின்னர் அவனால் தோற்கடிக்கப்பட்டுச் சாகிறார். அவரை நேசித்த ஹமோன் பழிவாங்க வருகிறாள். அமுரோவைக் காப்பாற்ற அவன் நண்பன் ரியூ உயிரைக் கொடுக்கிறான். ஒரு சாவின் விலையை அடுத்த சாவு கட்டுகிறது. கடைசியில் லாலா ஸூன். நெற்றியில் பொட்டும் இந்தியச் சாயலும் கொண்ட அந்தப் பெண், அமுரோவுக்கும் அவனுடைய ஸியோன் எதிரி ஷாருக்கும் நடக்கும் சண்டைக்கு நடுவே புகுந்து அமுரோவின் கையாலேயே சாகிறாள். 1988இல் வந்த 'ஷார்ஸ் கவுன்டர்அட்டாக்' படத்தில், பூமியின் மேல் ஒரு விண்கல் விழப்போகும் நேரத்திலும் அமுரோவும் ஷாரும் அவளைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். மற்றபடி அது அவசரமாக ஓடும் படம்.

1985இல் வந்த ஸீட்டா 50 எபிசோடு. படம் மெருகேறியிருக்கிறது, வண்ணம் இருண்டிருக்கிறது. அது எடுத்த மிகத் துணிச்சலான முடிவு, முந்தைய தொடரில் வென்ற பக்கத்தையே கெட்டவர்களாக்கியது. ஸியோனைத் தோற்கடித்த கூட்டமைப்பிலிருந்து டைட்டன்ஸ் என்ற படை முளைத்து, ஒரு விண்வெளிக் குடியிருப்பில் விஷவாயுவைச் செலுத்தி ஒன்றரைக் கோடிப் பேரைக் கொல்கிறது. நாம் யாருக்காக 43 எபிசோடு கைதட்டினோம் என்று அதிர்ந்துபோகிறோம். நாயகன் கமீல் சந்திப்பவர்களை எல்லாம் இழந்து, இறுதிச் சண்டையில் வென்று, அந்த நொடியே புத்தி பேதலித்துப் போகிறான். 2005, 2006இல் வந்த தொகுப்புப் படங்கள் இந்த முடிவை மாற்றி அவனை நலமாகத் திருப்பி அனுப்பின. எனக்கு டிவி முடிவுதான் உண்மையானது.

அப்படியானால் ஏன் ஸீட்டாவை முதல் தொடருக்குக் கீழே வைக்கிறேன்? ஸீட்டாவில் பக்கம் மாறுகிறவர்கள் அதிகம். ரெக்கோவா போன்றவர்கள் எதற்காக மாறினார்கள் என்பது மனதில் தைப்பதில்லை. சாவுகள் குவியும்போது ஒவ்வொன்றின் கனமும் குறைகிறது. முதல் தொடரில் ரியூவின் மரணத்துக்குக் கப்பலே அழுகிறது. ஸீட்டாவின் கடைசிப் பகுதியில் அழக்கூட யாருக்கும் நேரமில்லை. 1993இல் வந்த விக்டரி இதே பாதையில் இன்னும் கொடூரமாகப் போய், பார்ப்பவரை மரத்துப்போக வைக்கிறது. அதைத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தரையில் நடக்கும் இரண்டு போர்கள்

டோமினோவின் கை படாத இரண்டு ஓவிஏக்களை, அதாவது டிவிக்கு வராமல் நேரடியாக வீடியோவில் வந்த தொடர்களை, பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். இரண்டும் முதல் தொடரின் அதே போரில், ஓர் ஓரத்தில் நடப்பவை.

1996 முதல் 1999 வரை வெளிவந்த '08ஆவது எம்எஸ் டீம்' 12 எபிசோடு. தென்கிழக்கு ஆசியக் காடு, சேறு, மழை. இதில் கன்டம் நாயகனின் வாகனம் மட்டுமே, அவதாரம் அல்ல. தொடர் பாதியில் இருக்கும்போதே இயக்குநர் தகேயுகி கண்டா இறந்துபோக, உமனொசுகே ஈடா ஏற்று முடித்தார். நோரிஸ் பாக்கார்ட் என்ற ஸியோன் வீரர் தன் உயிரைக் கொடுத்து மூன்று பீரங்கி இயந்திரங்களை அழிக்கும் சண்டை, கன்டம் முழுவதிலும் மிகச் சிறந்த சண்டைகளில் ஒன்று. ஆனால் மையத்தில் இருப்பது கூட்டமைப்பு அதிகாரி ஷிரோவுக்கும் ஸியோன் பெண் ஐனாவுக்கும் வரும் காதல். எதிரி அழகானவள், நல்லவள், நாயகனை நேசிப்பவள். அப்படிப்பட்ட எதிரியை மனிதராக ஏற்றுக்கொள்வது சுலபம்.

1989இல் வந்த 'வார் இன் தி பாக்கெட்', அதாவது 0080, அந்தச் சலுகையைத் தரவில்லை. ஃபுமிஹிகோ தகயாமா இயக்கம், ஹருஹிகோ மிகிமோட்டோவின் பாத்திர வடிவம், ஆறே எபிசோடு. ஆல் என்ற சிறுவன் போரில் சேராத ஒரு விண்வெளிக் குடியிருப்பில் வாழ்கிறான். அவனும் பள்ளி நண்பர்களும் ராணுவச் சின்னங்கள் சேர்க்கிறார்கள். போர் அவர்களுக்கு ஒரு வேடிக்கை. அங்கே ரகசியமாக வைக்கப்பட்டிருக்கும் புதிய கன்டத்தை அழிக்க ஒரு ஸியோன் குழு வருகிறது. அதில் பெர்னி என்ற இளைஞன் புதுசு, திறமையும் சுமார். ஆலுக்கு அவன் அண்ணனைப் போல ஆகிவிடுகிறான். அந்தக் கன்டத்தை ஓட்டுவது ஆலின் பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ். பெர்னிக்கு அது தெரியாது. கிறிஸ்ஸுக்கும் பெர்னி யாரென்று தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் நாளில் பெர்னி ஸாக்கு என்ற தன் பழைய ரோபோவை எடுத்துக்கொண்டு தனியாக கன்டத்தை எதிர்க்கப் போகிறான். அவன் சண்டையிட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்ட செய்தி ஆலுக்குத் தெரிய, நிறுத்தச் சொல்லி அவன் கத்திக்கொண்டே ஓடுகிறான். எட்டவில்லை. பெர்னி சாகிறான். அவன் விட்டுச்சென்ற வீடியோவில், கன்டத்தை ஓட்டியவரை வெறுக்காதே என்று ஆலிடம் கேட்டுக்கொள்கிறான். தான் யாரைக் கொன்றோம் என்று தெரியாமலேயே, பெர்னியிடம் விடை சொல்லிவிடு என்று ஆலிடம் சொல்லிவிட்டு கிறிஸ் கிளம்புகிறாள். அந்தச் சிறுவன் வாய் திறப்பதில்லை. பிறகு பள்ளிக் கூட்டத்தில் அவன் அடக்க முடியாமல் அழ, காரணம் தெரியாத நண்பர்கள், சீக்கிரமே இன்னொரு போர் வரும், அது இதைவிடப் பிரமாதமாக இருக்கும் என்று தேற்றுகிறார்கள்.

என் இரண்டு கேள்விகளுக்கும் இதைவிடத் தெளிவான பதில் வேறு எந்தக் கன்டத்திலும் இல்லை. எதிரி வீரனும் இல்லை, அழகனும் இல்லை, சாதாரண ஆள். விலை கொடுப்பது ஆயுதத்தைத் தொடாத ஒரு குழந்தை. நாயக ரோபோ திரையில் சண்டையிடுவது மிகச் சில நிமிடங்களே, அதுவும், தோற்கக் கூடாது என்று நாம் யாருக்காக வேண்டிக்கொள்கிறோமோ அவனை எதிர்த்து. முதலிடம் இதற்குத்தான்.

மீசை வைத்த கன்டம்

டர்ன் ஏ 1999இல் வந்தது. மீண்டும் டோமினோ, மீண்டும் 50 எபிசோடு, யோகோ கன்னோவின் இசை. அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் மீட் வரைந்த அந்த ரோபோவின் மீசையைப் பார்த்துவிட்டே ஓடிப்போனவர்கள் பலர். அவர்கள் இழந்தது பெரிது. இந்தக் கன்டம் துணி துவைக்கிறது, மாடுகளைச் சுமக்கிறது. நிலவிலிருந்து பூமிக்குத் திரும்ப நினைக்கும் மக்களுக்கும் பூமியில் வாழும் மக்களுக்கும் இடையே நடப்பது, யாருமே விரும்பாமல் விரிந்துகொண்டே போகும் ஒரு மோதல். லோரன் நிலவில் பிறந்தவன், பூமியை நேசிப்பவன். அவன் ஓட்டும் இயந்திரத்துக்கு எந்தப் பக்கமும் சொந்தமில்லை.

நிலவின் அரசி டயானாவும், அச்சில் வார்த்ததுபோல் அதே முகம் கொண்ட பூமிப் பெண் கீஹெலும் ஆடை மாற்றிக்கொள்ளப்போய் ஆளே மாறிவிடுகிறார்கள். தன் படையின் தாக்குதலில் இறந்த கீஹெலின் தந்தையின் கல்லறை முன்னால், அவர் மகளின் உருவில் அரசி நின்று அழுகிறாள். எதிரியின் துக்கத்தை ஓர் ஆட்சியாளர் சொந்தத் துக்கமாகச் சுமக்கும் இந்தக் காட்சிக்கு இணை இல்லை. 0080க்கும் முதல் தொடருக்கும் அடுத்து மூன்றாமிடம். இன்னும் மேலே வைக்காததற்குக் காரணம் கிம் கிங்கனாம். கடைசிப் பகுதியில் போர் வெறி பிடித்த அந்த ஒருவன் வந்தவுடன் பழி முழுவதும் அவன் தலையில் போய்விடுகிறது. அதுவரை கட்டிக்காத்த நியாயம் கொஞ்சம் எளிதாகிவிடுகிறது.

புதியவற்றில்

2002இல் வந்த ஸீட் ஒரு புதிய தலைமுறையையே கன்டத்துக்கு இழுத்துவந்தது. அதன் திரைப்படமான 'ஸீட் ஃப்ரீடம்' 2024இல் 500 கோடி யென் வசூலைத் தாண்டியது. முதல் பாதி அபாரம். நண்பர்களான கிராவும் அத்ருனும் எதிரெதிர்ப் பக்கங்களில். இவன் அவன் தோழனைக் கொல்கிறான், அவன் இவன் தோழனைக் கொல்கிறான். அதன்பின் கிராவுக்குப் புது இயந்திரம் கிடைத்து, யாரையும் கொல்லாமல் ஆயுதங்களை மட்டும் வெட்டிச் சாய்க்கத் தொடங்கும்போது, விலை என்ற ஒன்றே கதையிலிருந்து காணாமல் போகிறது. அடுத்து வந்த டெஸ்டினி, குடும்பத்தை இழந்த ஷின்னை நாயகனாகத் தொடங்கிவிட்டு அவன் கதையையே அவனிடமிருந்து பறித்தது. அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

'அயர்ன்-ப்ளடட் ஆர்ஃபன்ஸ்' (2015 முதல் 2017 வரை), 'விட்ச் ஃப்ரம் மெர்குரி' (2022, 2023) இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது நியாயம். முன்னது செவ்வாயில் அடிமைபோல் உழைக்கும் சிறுவர்களின் கதை. முதுகெலும்பில் கருவி பதித்து இயந்திரத்தோடு இணைக்கப்படும் மிகாசுகி, ஒவ்வொரு பெரிய வெற்றிக்கும் உடலின் ஒரு பகுதியை இழக்கிறான். கார்ட்டா என்ற எதிரித் தளபதி முறைப்படி மூவர் எதிர் மூவர் சண்டைக்கு அழைத்து அணிவகுத்து நிற்க, மிகாசுகி அவள் பேச்சுக்குக் காதே கொடுக்காமல் பாய்ந்து அடித்து நொறுக்குகிறான். நாயகன் ஜெயிக்கிறான், நமக்கு அவள் மேல் இரக்கம் வருகிறது. முடிவில் அந்தச் சிறுவர்கள் தோற்கிறார்கள். அவர்களை அழித்த தரப்பே சீர்திருத்தம் செய்து பெயர் வாங்கிக்கொள்கிறது. கசப்பான, நேர்மையான முடிவு.

விட்ச் 24 எபிசோடு. முதன்மை டிவி வரிசையில் முதல் பெண் நாயகி சுலெட்டா. பன்னிரண்டாவது எபிசோடில் தோழியைக் காப்பாற்ற ஒரு மனிதனை ரோபோவின் கையால் நசுக்கிவிட்டு, இரத்தம் படிந்த கையைச் சிரித்தபடி நீட்டுகிறாள். புதிய கன்டங்களில் அதைவிட வலுவான ஒரு நிமிடம் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தின் பாரத்தைச் சுமக்க மீதிக் கதைக்கு இடம் போதவில்லை. இத்தனைக்கும் காரணமான தாய் ப்ரோஸ்பெரா மன்னிப்போடு வீடு திரும்புகிறாள். ஆகவே ஸீட்டாவுக்கு அடுத்து ஐந்தாவதாக ஆர்ஃபன்ஸ், ஆறாவதாக விட்ச்.

யூனிகார்னின் ஏழு படங்களும் கண்ணுக்கு விருந்து. சவானோவின் இசை உடம்பைச் சிலிர்க்க வைக்கும். ஆனால் பழைய தொடர்களைத் தெரியாதவருக்கு அதில் பாதி புரியாது. ஏழாமிடம் போதும். ஸீட் அதற்கும் கீழே. நாட்டுக்கொரு ரோபோ என்று குத்துச்சண்டை போடும் ஜி கன்டத்தை இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை. அது வேறு விளையாட்டு, அதன் அளவில் உற்சாகமானது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் தொடரை 1981, 1982இல் வந்த மூன்று தொகுப்புப் படங்களாகப் பார்க்கலாம். ஜி-ஆர்மர் இல்லை, மூன்றாவது படத்தில் யாசுஹிகோ புதிதாக வரைந்த காட்சிகளும் உண்டு. அது முடிந்த வாரமே 0080. பழைய ஓவியம் கண்ணில் ஒட்டாதவர்கள் விட்ச்சில் தொடங்கிப் பின்னால் போகலாம். டர்ன் ஏ-வை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய கன்டப் போர்கள் எல்லாவற்றையும் தன் உலகின் மறந்துபோன வரலாறாக அது உள்ளே இழுத்துக்கொள்வதால், அவற்றில் சிலவற்றையாவது பார்த்தவருக்குத்தான் அதன் முழு வீச்சும் கிடைக்கும்.