'1750 லண்டன் போர்ட்டர்' கிட் வாங்க நினைப்பவர்களுக்கு

பிரிட்டனில் இருந்துகொண்டு வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர்களுக்காக இது. '1750 லண்டன் போர்ட்டர்' என்று ஒரு கிட் ஆன்லைனில் விற்பனைக்கு இருக்கிறது, விலை 45 பவுண்டு. போர்ட்டர் என்பது கரும்பழுப்பு பீர், மால்ட் என்பது அதற்காக முளைகட்டிக் காய வைத்த பார்லி. 'முழுக்க முழுக்க நொதியுள்ள பாரம்பரிய பிரவுன் மால்ட், அசல் மசாலா' என்று விளம்பரம். நான் வாங்கிப் பார்த்துவிட்டேன். நீங்கள் வாங்காதீர்கள்.

18ஆம் நூற்றாண்டில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் விறகுத் தீயில் காய வைத்த பிரவுன் மால்ட்டில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் மிச்சம் இருந்தன. அதனால் அதை மட்டும் வைத்தே போர்ட்டர் காய்ச்ச முடிந்தது. இப்போது அதே பெயரில் கிடைப்பது உருளையில் போட்டு வறுத்த சரக்கு. வறுக்கிற சூட்டில் நொதியெல்லாம் செத்துவிடும். நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சம் சேர்க்கலாம், அவ்வளவுதான். பழைய முறையில் செய்த மால்ட் இன்று கிடைப்பது அபூர்வம். அது இருக்கிறது என்று எழுதியிருந்ததால்தான் ஆர்டர் போட்டேன்.

வந்தது ஒரு மொட்டைப் பை. மால்ட் செய்த கம்பெனியின் பெயரும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற விட்டு, ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு அயோடின் வைத்தேன். மாவுச்சத்து சர்க்கரையாகாமல் மிச்சம் இருந்தால் அது கறுக்கும். மை கொட்டியது போல் கறுத்தது. இன்னும் அரை மணி நேரம் விட்டுப் பார்த்தும் அதே கறுப்பு. நாக்கில் வைத்தால் இனிப்பே இல்லை, காந்தல் வாடையும் வழவழப்பும்தான். கரைந்த சர்க்கரையை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.060 காட்ட வேண்டிய இடத்தில் 1.022 காட்டியது.

கைவசம் இருந்த, நொதி நிறைந்த வெளிர் மால்ட்டான மாரிஸ் ஆட்டர் பேல் மால்ட் 2 கிலோவை அரைத்துக் கொட்டிய பிறகுதான் அயோடின் நிறம் மாறாமல் நின்றது. 1750இன் போர்ட்டரை 1960களில் வந்த பார்லி ரகம் காப்பாற்றியது!

மசாலாவிலும் இதே கதை. 'கிரெய்ன்ஸ் ஆஃப் பாரடைஸ்' என்று சீட்டு ஒட்டிய பொட்டலம். இது மேற்கு ஆப்பிரிக்க விதை. இஞ்சிக் குடும்பம், செம்பழுப்பு நிறம், கடித்தால் மிளகுக் காரம். பொட்டலத்தைப் பிரித்ததும் பிரியாணி வாசனை வந்தது. கறுப்பு ஏலக்காயின் விதை! இதைப் போய் நம்மவர் மூக்கிடம் விற்கிறார்களே.

விற்பவர்கள் ஏமாற்றுவது இந்தத் தொழிலுக்குப் புதிதில்லை. 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ப்ரூவர்கள், அதாவது பீர் காய்ச்சி விற்பவர்கள், கிரெய்ன்ஸ் ஆஃப் பாரடைஸைப் போடக்கூடாது என்று சட்டமே போட்டது. அதே சட்டத்தில் நம் ஊர்க் காக்கைக்கொல்லி விதையும் இருக்கிறது. மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்படும் அந்த விஷ விதையைப் போதைக்காக பீரில் கலந்திருக்கிறார்கள். ப்ரூவருக்கு விற்கும் மருந்துச் சரக்குக் கடைக்காரருக்கு 500 பவுண்டு அபராதம். எனக்கு வந்தது விஷமில்லை, ஏலக்காய்தான். அந்த அளவில் சரி.

கிட் விற்ற கடைக்காரருக்கு எழுதினேன். முதல் பதில்: உங்கள் தெர்மாமீட்டர் சரியில்லை. அடுத்தது: அந்தக் காலத்துப் பீர் அப்படித்தான் கெட்டியாக இருக்கும். தட்டின் படத்தை அனுப்பியதும், பிரித்த பையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் பார்த்தால் விளம்பரப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'பேல் மால்ட் சேர்ப்பது நல்லது' என்று ஒரு வரி முளைத்திருக்கிறது. நல்லவேளை, பழைய பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015இன்படி, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் பொதுவாக 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதைச் சுட்டி எழுதியதற்குப் பதிலே இல்லை. கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் போட்டேன், பணம் வந்தது. வீணாய்ப் போன ஞாயிற்றுக்கிழமையும் கழுவி முடித்த அந்தப் பெரிய பாத்திரமும் என் கணக்கில்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள். 100 கிராம் மால்ட்டை அரைத்து, ஃபிளாஸ்க்கில் சூடான 300 மில்லி தண்ணீரோடு, கலந்த பிறகு 67 டிகிரி இருக்கும்படி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அயோடின் கறுத்தால் தட்டைப் படம் எடுங்கள், பையையும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வங்கியில் என்னிடம் முதலில் கேட்டது அவைதான்.