டர்ன்டேபிளின் பாதங்கள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

ரெக்கார்டைச் சுழற்றி இசைக்கும் டர்ன்டேபிளின் ஒலியை மேம்படுத்துவது பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் தொடங்கி, அதன் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபயரில் முடிந்துவிடுகிறது. கருவியைத் தாங்கி நிற்கும் பாதங்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. டர்ன்டேபிளையும் கார்ட்ரிட்ஜையும் மாற்றாமல், அதனுடன் வந்த ரப்பர் பாதங்கள், உலோகக் கூம்புகள், சார்போதேன் என்ற அதிர்வு உறிஞ்சும் மெத்தென்ற பொருளாலான அரைக்கோளங்கள், ஸ்பிரிங் பாதங்கள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட காலம் பயன்படுத்தியதில், விலையையும் பொருளையும் விட ஒரு பாதம் தன்மேல் ஏறும் எடைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

காரணம் எளிது. பாதத்தின் மேல் நிற்கும் கருவிக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது ஒருமுறை தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண். அதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் பாதம் தடுக்கும். இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி வரும் அதிர்வுகளையோ தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும். ஸ்பிரிங் 1 மில்லிமீட்டர் அமுங்கினால் இந்த அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ், 4 மில்லிமீட்டர் என்றால் 8 ஹெர்ட்ஸ், 10 மில்லிமீட்டர் என்றால் 5 ஹெர்ட்ஸ். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த ஒத்ததிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதே நல்லது என்பதால், அரைகுறையாக அமுங்கும் பாதம் சரியாக அந்த இடத்திலேயே கைவைத்துவிடுகிறது. ஆகவே மெத்தென்று இருக்கிறதே என்று நம்பி எதையும் வாங்கிவிட முடியாது.

சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. சுழலாத ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கி, ஒலியளவை வழக்கமான நிலைக்குச் சற்றுக் கீழே வைத்து, அலமாரிப் பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் போதும். ரப்பர் பாதங்களில் 'டொம்' என்ற ஓசை ஸ்பீக்கரில் எழுந்து தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் அசைந்தது. உலோகக் கூம்புப் பாதங்களில் அது இன்னும் கூர்மையாகக் கேட்டது, ஏனெனில் அத்தகைய கூம்பு அதிர்வைத் தடுப்பதில்லை, இரு பரப்புகளையும் இறுகப் பிணைக்கிறது. ஸ்பிரிங் பாதங்களில் தட்டும் ஓசை ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாட்டில் இதன் பலன் பேஸில்தான் தெரிந்தது: உரத்து வைக்கும்போது மிருதங்கத்தின் தொப்பி ஒலி கலங்காமல், ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக நின்றது. மேல்ஸ்தாயியில் பெரிய மாற்றம் எதையும் நான் உணரவில்லை. அப்படிச் சொல்லும் விளம்பரங்களைச் சற்று ஐயத்துடனேயே படிக்கிறேன்.

சார்போதேன் முதலில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நாளடைவில் எடை தாங்கித் தட்டையாகி, மோட்டார் இருக்கும் கனமான பக்கம் தாழ்ந்தது. ரசமட்டத்தின் குமிழ் மெல்ல ஒதுங்குவதைக் கண்டு அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, மரப்பலகையில் எண்ணெய்க் கறை போன்ற வட்டங்களையும் விட்டுச்சென்றது. ஸ்பிரிங்குகள் இதுவரை தளரவில்லை. ஆனால் ரெக்கார்டை மாற்றும்போது கருவி பக்கவாட்டில் ஆடுவது பழக எளிதல்ல. நான்கு மூலைகளிலும் எடை சமமாக இல்லாததால், கனமான பக்கத்தில் கூடுதல் ஸ்பிரிங் சுருள்களைப் பொருத்தவும் வேண்டும்.

மரத்தளம் உள்ளவர்களுக்கு ஸ்பிரிங்கைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். நடக்கும்போது தளம் குலுங்குவதும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் என்பதால், ஊசி துள்ளுவது கூடிவிடலாம். அங்கே சுவரில் பதித்த அலமாரியே தீர்வு. 1961இல் வந்த ஏஆர் எக்ஸ்ஏ என்ற டர்ன்டேபிள் போல, தட்டும் டோன்ஆர்மும் உள்ளேயே ஸ்பிரிங்குகளில் தொங்கும் கருவிகளுக்கும் இத்தகைய பாதங்கள் வேண்டாம். உறுதியான, எடை குறைந்த பலகையே அவற்றுக்கு ஏற்றது. இதற்கு மாறாக, உள்ளே தொங்கல் இல்லாத டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979இல் வெளிவந்தபோதே கனமான ரப்பர் அடித்தளத்துடனும் அதிர்வு தாங்கும் பாதங்களுடனும் வந்தது.

காற்றின் வழியாக வரும் அதிர்வுக்குப் பாதங்களால் எதுவும் செய்ய முடியாது. அதற்கு ஸ்பீக்கர்களை அதே அலமாரியிலிருந்து இறக்கி, டர்ன்டேபிளை அறையின் மூலையிலிருந்து நகர்த்த வேண்டும். செலவில்லாத இந்த வேலையை, பாதங்களை வாங்குவதற்கு முன்பே செய்துவிடலாம்.